குரல் கலைஞரை அமர்த்தும் முன்: காரைக்குடிப் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காரைக்குடியில் சின்னதாக ஓர் ஒலிப்பதிவு அறை வைத்திருக்கிறேன். நகைக்கடை விளம்பரம், பலகாரக் கடை வீடியோ, மணிவிழாவில் போடும் குடும்பப் படம், பழைய வீடுகளைச் சுற்றிக் காட்டும் ஒலி வழிகாட்டி என்று பலவகை வேலை வரும். வருகிறவர்கள் வேறு வேறு ஆட்கள், சந்தேகங்கள் மட்டும் ஒன்றுதான். போனில் சொல்லும்போது ஒவ்வொரு தடவையும் ஏதாவது விட்டுப்போகிறது. அதனால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். கேள்விகளை, கேட்டவர்கள் கேட்ட மாதிரியே போட்டிருக்கிறேன்.

வாய்ஸ் ஓவர்ங்கிறது டப்பிங்தானே?

இரண்டும் குரல் வேலைதான், ஆனால் முறை வேறு. டப்பிங்கில் திரையில் ஒருவர் வாயசைக்கிறார், அந்த அசைவுக்குள் பேச்சை அடக்க வேண்டும். வாய்ஸ் ஓவரில் பேசுகிறவர் திரையில் இருக்க மாட்டார். படம் ஓடப் பின்னால் குரல் வரும், இல்லையென்றால் குரல் மட்டுமே வரும். கடை விளம்பரம், ஆவணப்படம், ஒலிநூல், 'எண் ஒன்றை அழுத்தவும்' என்று போனில் கேட்பது, ஆட்டோவில் போகும் அறிவிப்பு எல்லாம் இதில் சேரும்.

சினிமா, சீரியல் டப்பிங்குக்குச் சென்னையில் யூனியன் இருக்கிறது, அதற்கென்று விதிகள் உண்டு. விளம்பரம், ஒலிநூல் மாதிரியான வேலைகளைப் பெரும்பாலும் நீங்களும் கலைஞருமே நேரில் பேசி முடித்துக்கொள்வீர்கள். இந்தப் பக்கத்தில் இருப்பது அந்த இரண்டாவது வகை.

எங்க கடைப் பையனே நல்லா பேசுவான். அவனை வச்சே எடுத்தா ஆகாதா?

சில வேலைக்கு ஆகும். 'இன்னிக்கு சீப்புச் சீடை சூடா இருக்கு, வாங்க' என்று 15 விநாடி ஸ்டேட்டஸ் போடுவதற்கு வெளியாள் வேண்டியதில்லை. வாடிக்கையாளருக்குத் தெரிந்த குரல்தான் அதற்கு அழகு. இப்படி வருகிறவர்களிடம் 'நீங்களே பேசுங்கள்' என்று சொல்லித் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

பத்துப் பக்கம் வாசிக்க வேண்டும் என்றால் நிலைமை வேறு. முதல் பக்கத்தில் இருந்த தெம்பு எட்டாவது பக்கத்தில் இருக்காது. மூச்சு வாங்குவது கேட்கும், வரியின் கடைசிச் சொல் அமுங்கிப்போகும். அடுத்த வாரம் ஒரு வரி மாறுகிறது என்று வையுங்கள். அன்றைக்குப் பேசிய அதே சுருதி, அதே வேகம், மைக்கிலிருந்து அதே தூரம் எல்லாம் வைத்து அந்த ஒரு வரியை மட்டும் பேசி, ஒட்டு தெரியாமல் சேர்க்க வேண்டும். தொழிலாகச் செய்கிறவர்களுக்கு நாம் காசு கொடுப்பது இந்தத் திறமைக்குத்தான்.

நல்ல குரலை எங்கே போய்த் தேடுறது? மெட்ராஸ்தான் போகணுமா?

வேண்டாம். 1940-களில் ஏ.வி. மெய்யப்பன் தேவகோட்டை ரஸ்தாவில் கொட்டகை போட்டு ஸ்டூடியோ நடத்திய ஊர் இது. 1947-ல் வந்த 'நாம் இருவர்' இங்கே எடுத்த படம். அதற்கும் முன்பே, கன்னடத்தில் எடுத்த அரிச்சந்திரன் கதைப் படத்தை 1944-ல் தமிழ் பேச வைத்தவர் அவர். ஒரு குரலை இன்னொரு படத்தில் ஏற்றும் வித்தை இந்தப் பக்கத்து ஆளுக்கு அப்போதே கைவந்திருக்கிறது. இதைச் சொல்லும்போதெல்லாம் எனக்குக் கொஞ்சம் பெருமையாகத்தான் இருக்கும்.

இன்றைக்கு நிறைய குரல் கலைஞர்கள் வீட்டிலேயே அறை அமைத்துப் பதிவு செய்து அனுப்புகிறார்கள். கலைஞர் கோயம்புத்தூரில் இருந்தாலும் திருநெல்வேலியில் இருந்தாலும் உங்களுக்கு ஒன்றுதான். அகில இந்திய வானொலியின் திருச்சி நிலையம் 1939-லிருந்து ஒலிபரப்புகிறது, மதுரையிலும் நிலையம் இருக்கிறது. இந்த நிலையங்களில் பகுதிநேர அறிவிப்பாளராக இருந்தவர்கள் எழுதியதைத் தவறில்லாமல் வாசிப்பதில் கெட்டிக்காரர்கள். பட்டிமன்ற மேடை, பள்ளிக்கூட நாடகம், கம்பன் விழாத் தொகுப்புரை என்று உள்ளூரிலும் நல்ல குரல்கள் உண்டு. ஆனால் மேடைக்குரல் வேறு, மைக்குக்கு ஒரு சாண் தள்ளி உட்கார்ந்து ஓர் ஆளிடம் பேசுகிற குரல் வேறு. ஒரு பக்கமாவது பதிவு செய்து கேட்டுவிட்டு முடிவு பண்ணுங்கள்.

ஸ்கிரிப்ட் ரெண்டு பக்கம் இருக்கு. எத்தனை நிமிஷம் வரும்?

ஆங்கிலத்தில் நிமிஷத்துக்கு 150 சொல் என்று கணக்கு வைப்பார்கள். தமிழுக்கு அது ஒத்துவராது. 'போய்க்கொண்டிருந்தவர்களுக்கெல்லாம்' என்பது நமக்கு ஒரே சொல். என் அறையில் நிதானமாக வாசித்தால் நிமிஷத்துக்கு 90 முதல் 110 சொல் வருகிறது. 300 சொல் உள்ள பக்கத்துக்கு மூன்று நிமிஷம் என்று வைத்துக்கொள்ளலாம். விளம்பரம் கொஞ்சம் விரைவாகப் போகும், கோயில் வரலாறு மெதுவாகப் போகும்.

கணக்கைவிட நம்பிக்கையான வழி, கடிகாரத்தை வைத்துக்கொண்டு நீங்களே வாய்விட்டு வாசிப்பது. மனசுக்குள் வாசித்தால் கணக்கு தப்பும். 30 விநாடி விளம்பரத்துக்கு 90 சொல் எழுதிக்கொண்டு வந்தவர்கள் நிறைய பேர். அதை ஒருவர் மூச்சுவிடாமல் சொல்லி முடித்தாலும், கேட்கிறவர் காதில் கடைப்பெயர் நிற்காது.

எழுதிக்கொடுத்ததை அப்படியே வாசிச்சா போதாதா? அதுல என்ன சரி பண்ணணும்?

கண்ணுக்கு எழுதுவதும் காதுக்கு எழுதுவதும் ஒன்றில்லை. நோட்டீசில் '₹1,499 மட்டுமே' என்று இருந்தால் கண் புரிந்துகொள்ளும். வாசிக்கிறவர் 'ஆயிரத்து நானூற்றுத் தொண்ணூற்று ஒன்பது' என்பாரா, 'ஆயிரத்தி ஐந்நூறுக்கும் குறைவாக' என்பாரா? நகைக்கடைக்காரர் '916' என்று எழுதுகிறார், அதாவது ஆயிரத்துக்கு 916 பங்கு சுத்தத் தங்கம். கடைக்கு வருகிற ஆச்சிமார் எல்லோரும் கேட்பது 'நைன் ஒன் சிக்ஸா?' என்றுதான். விளம்பரத்தில் 'தொள்ளாயிரத்துப் பதினாறு' என்று வந்தால் இலக்கணம் சரி, காதுக்கு அந்நியம். எண்களை எப்படிச் சொல்ல வேண்டுமோ அப்படியே எழுத்தால் எழுதிக்கொடுங்கள். போன் எண்ணை எங்கே பிரிக்க வேண்டும் என்பதையும் குறித்துவிடுங்கள்.

அப்புறம் நீள வாக்கியம். 'அமைந்துள்ள', 'விளங்கக்கூடிய' என்று மூன்று வரி ஓடும் வாக்கியத்தில் வாசிக்கிறவர் எங்கேயாவது மூச்சு வாங்கித்தான் ஆக வேண்டும். அந்த இடத்தில் பொருள் உடையும். நீங்கள் வாசிக்கும்போது எங்கே மூச்சு முட்டுகிறதோ அங்கே வாக்கியத்தை வெட்டுங்கள். என் அனுபவத்தில், 'குரல் சரியில்லை' என்று வருகிற குறைகளில் பெரும்பாலானவை எழுத்தில் இருந்த குறைகள்தான்.

பேரெல்லாம் தப்பா வாசிச்சுட்டா என்ன பண்றது?

எனக்கு இருப்பதிலேயே பெரிய கவலை இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். ஒரு பழைய வீட்டின் ஒலி வழிகாட்டிக்கு வெளியூர்க் கலைஞர் ஒருவரை அமர்த்தினோம். அருமையான குரல். பதிவு வந்தது, கேட்டேன். 'முகப்பைத் தாண்டினால் பெரிய வளைவு' என்று இருந்தது. எழுதியிருந்தது 'வளவு'. செட்டிநாட்டு வீட்டில் நடுவே வானம் பார்த்த முற்றமும் சுற்றிலும் தாழ்வாரமும் அறைகளுமாக இருக்கும் பகுதிக்குத்தான் வளவு என்று பெயர். அவருக்கு அது புதுச் சொல், எழுத்துப்பிழை என்று நினைத்துத் திருத்தி வாசித்துவிட்டார். அதே பதிவில் 'கைவேலைக் கோட்டான்கள் அலமாரியில் இருக்கின்றன' என்றும் வந்தது. ஓலையில் வண்ணமாக முடையும் கொட்டான் ஒரு குறில் நீண்டதால் ஆந்தையாகிவிட்டது. அவர்மேல் குற்றமில்லை. ஒரு குறிப்பு எழுதிக்கொடுக்காதது நான்.

இங்கே விலாசம் என்று இன்னொரு சங்கதி இருக்கிறது. நகரத்தார் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்) வீடுகளில் பெயருக்கு முன்னால் வரும் எழுத்துகள் வெறும் இனிஷியல் இல்லை, வீட்டுக்கே அடையாளம். 'சொ.மு.லெ.' என்று எழுதியிருந்தால் வெளியூர்க்காரர் 'சொ மு லெ' என்று எழுத்தாக வாசித்துவிடுவார். வீட்டுப் பெரியவர்களோ 'சோனா மூனா லேனா வீடு' என்பார்கள். மணிவிழாப் படத்தில் முதல் வரியே விலாசம்தான். அது தப்பாக ஒலித்தால் பந்தலில் இருக்கிற பாதிப் பேருக்கு மற்றதெதுவும் காதில் ஏறாது. திருப்பூட்டுதல், வேவு, படைப்பு வீடு, இசைகுடிமானம் என்று இங்கே கல்யாணத்திலும் சடங்கிலும் வரும் சொற்களும் அப்படித்தான். அப்பச்சி என்றால் இங்கே அப்பா என்பதும் வெளியாளுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை.

வழி சுலபம். ஸ்கிரிப்டில் வரும் ஊர்ப்பெயர், ஆள்பெயர், வட்டாரச் சொல் எல்லாவற்றையும் தனியே எழுதி, வீட்டில் இருக்கும் மூத்தவர் ஒருவரை ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்லி போனில் பதிவு செய்து கலைஞருக்கு அனுப்புங்கள். ஐந்து நிமிஷ வேலை. நல்ல கலைஞர் என்றால் அவரே கேட்பார். கேட்காதவர் கொஞ்சம் அவசரக்காரர் என்று எடுத்துக்கொள்வேன்.

டெமோ பிரமாதமா இருந்துச்சு. எங்களுக்குப் பேசினது அப்படி இல்லையே?

டெமோ என்பது அவர்கள் செய்ததில் தேறிய துணுக்குகளின் தொகுப்பு. பின்னணி இசை, மெருகு எல்லாம் ஏற்றியிருக்கும். புடவைக் கடையில் விளக்கு வெளிச்சத்தில் பார்த்த நிறம் வாசலில் வேறாகத் தெரிவது மாதிரிதான். எனவே உங்கள் ஸ்கிரிப்டிலிருந்தே நாலு வரி கொடுத்து, இசை இல்லாமல், வெறும் குரலாக வாசித்து அனுப்பச் சொல்லுங்கள். அந்த நாலு வரியில் ழகரமும் ளகரமும் வரட்டும், ஓர் ஊர்ப்பெயர் வரட்டும், ஓர் எண் வரட்டும்.

இருபது வரி கேட்காதீர்கள். அது சாம்பிள் இல்லை, இலவச வேலை. வாங்கிய மாதிரியை அப்படியே விளம்பரத்தில் போட்டுவிட்டு 'வேறு ஆளை வைத்துக்கொண்டோம்' என்று சொன்ன ஓர் இடத்தையும் எனக்குத் தெரியும். பெயர் வேண்டாம், அந்தக் கலைஞர் அழுதது மட்டும் நினைவிருக்கிறது.

மொத்தமா எவ்வளவு ஆகும்? சும்மா ஒரு தொகை சொல்லுங்க.

தொகையை இங்கே எழுதினால் அடுத்த தீபாவளிக்குள் மாறிவிடும், ஆளுக்கு ஆளும் மாறும். எதற்கெல்லாம் பணம் என்று சொல்கிறேன், பேரம் பேசும்போது உதவும். முதலாவது நீளம். விளம்பரத்துக்கு விநாடிக் கணக்கு, ஆவணப்படத்துக்கு நிமிஷமோ சொல்லோ, ஒலிநூலுக்கு முடிந்து கையில் வரும் மணிநேரம். இரண்டாவது, எங்கே ஓடப்போகிறது என்பது. கடைக்குள் மட்டும் கேட்பதற்கும், உள்ளூர் கேபிளில் வருவதற்கும், தமிழ்நாடு முழுக்க டிவியில் வருவதற்கும் ஒரே விலை இருக்காது. மூன்றாவது, எத்தனை காலம். நான்காவது, அந்தக் கலைஞர் உங்கள் போட்டிக் கடைக்குப் பேசக்கூடாது என்று கட்டுப்படுத்துகிறீர்களா என்பது. கட்டுப்படுத்தினால் அவர் இழக்கும் வருமானத்துக்கும் நீங்கள்தான் ஈடு கொடுக்க வேண்டும்.

வெட்டித் திருத்தித் தருவது, இசை சேர்ப்பது, ஸ்டூடியோ வாடகை இதெல்லாம் சொன்ன தொகைக்குள் அடக்கமா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். மனக்கசப்பு வருவது பெரும்பாலும் இங்கேதான்.

ரெண்டு நிமிஷம் பேசுறதுக்கா இவ்வளவு?

இரண்டு நிமிஷம் உங்கள் கைக்கு வருவது. அதற்கு முன்னால் அவர் ஸ்கிரிப்டைப் படித்து, நீங்கள் அனுப்பிய பெயர்களைக் கேட்டு, மூன்று நான்கு விதமாக வாசித்துப் பார்த்து, பிறகு நாக்கு ஒட்டும் சத்தம், எச்சில் விழுங்கும் சத்தம் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக நீக்குகிறார். ஒரு மணிநேர ஒலிநூலுக்கு வாசிப்பு, திருத்தம், மறுபடி கேட்டுச் சரிபார்ப்பது எல்லாம் சேர்த்து அதைப்போல நாலைந்து மடங்கு நேரம் ஆவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். ஜலதோஷம் பிடித்தால் அந்த வாரம் வருமானமே கிடையாது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

எங்க வீடே பெரிய வீடு, அமைதியா இருக்கும். அங்கேயே வச்சு எடுக்கலாமே?

ஆசை புரிகிறது. ஆனால் செட்டிநாட்டு வீடு மாதிரிக் கண்ணுக்கு அழகாகவும் மைக்குக்குச் சிரமமாகவும் இருக்கும் இடம் வேறு கிடையாது. சுண்ணாம்பும் முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்து இழைத்த கண்ணாடிச் சுவர், ஆத்தங்குடிக் கல் பதித்த தரை, உயரமான கூரை என்று எல்லாமே வழவழப்பு. சத்தம் உள்ளே இறங்காமல் திரும்பித் திரும்பி வரும். வளவில் நின்று ஒரு தடவை கைதட்டிப் பாருங்கள், தட்டி முடித்த பிறகும் வால் மாதிரி நீளும். ஒவ்வொரு சொல்லுக்கும் அந்த வால் முளைக்கும். பதிவான எதிரொலியைப் பிறகு முழுசாக எடுக்க முடியாது.

வீட்டில்தான் எடுக்க வேண்டும் என்றால் இரண்டாங்கட்டில், மெத்தையும் தலையணையும் ஜமக்காளமும் அடுக்கியிருக்கும் சின்ன அறையைப் பாருங்கள். துணி சத்தத்தைக் குடித்துவிடும். ஒரு தடவை அப்படிப்பட்ட அறையில் கட்டில் சட்டத்தின்மேல் இரண்டு கம்பளியைக் கூடாரமாகப் போட்டு, உள்ளே கலைஞரை உட்கார வைத்து எடுத்தோம். ஃபேன் கிடையாது. பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை வெளியே வந்து முகம் துடைத்துக்கொண்டு திரும்பப் போனார். பதிவு சுத்தமாக இருந்தது. மோட்டார், இன்வெர்ட்டர், குக்கர், மாடப்புறா, தூரத்து மயில் எல்லாம் மைக்கில் ஏறும். மார்கழியில் விடியற்காலைப் பதிவு வைக்காதீர்கள், கோயில் மைக் போடுவார்கள். ஆள் பேசாமல் இருக்கும்போது அந்த அறையின் வெறும் மௌனத்தையும் அரை நிமிஷம் பதிந்துவையுங்கள், ஒட்டுப்போட உதவும்.

பதிவு நடக்கும்போது நாங்க கூட இருக்கணுமா?

ஒருவர் இருந்தால் நல்லது, நேரிலோ வீடியோ அழைப்பிலோ. 'ஒருவர்' என்பதை அழுத்திச் சொல்கிறேன். பெரியப்பா 'கம்பீரமா' என்பார், மருமகன் 'கேஷுவலா' என்பார், கலைஞர் தவித்துப்போவார். முடிவு சொல்லும் ஆளை வீட்டிலேயே தீர்மானித்துவிட்டு வாருங்கள். 'இன்னும் கொஞ்சம் நல்லா' என்று சொன்னால் அவருக்கு ஒன்றும் புரியாது. 'ஆயாவிடம் கதை சொல்கிற மாதிரி', 'கடைவாசலில் தெரிந்தவரைக் கூப்பிடுகிற மாதிரி' என்று சொல்லுங்கள், உடனே பிடித்துக்கொள்வார்.

ஒரு வரி மாத்தச் சொன்னா திரும்பக் காசு கேக்குறாங்களே?

யார் பிழை என்று பாருங்கள். எழுதியிருந்ததை அவர் தப்பாக வாசித்தால் திருத்தம் இலவசம். நீங்கள் எழுதியதை நீங்களே மாற்றினால் அது புது வேலை. விலாசத்தைத் தவறாகச் சொன்னார், ஆனால் நீங்கள் குறிப்பு கொடுக்கவில்லை என்றால்? மேலே வளவு கதையில் நான் மறுபதிவுக்குப் பணம் கொடுத்தேன். அதுதான் நியாயம் என்று இன்றும் நினைக்கிறேன். எத்தனை திருத்தம் தொகைக்குள் அடக்கம் என்று முதலிலேயே பேசிக்கொண்டால் இந்தக் கேள்வியே வராது.

முன்பணம் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பாதி முன்னால், மீதி முடிந்த கோப்பு கைக்கு வரும்போது என்பது இரு பக்கமும் ஒத்துவரும் வழக்கம்.

ஃபைல் எந்த மாதிரி வாங்கணும்? வாட்ஸ்அப்ல அனுப்பினா போதாதா?

மூலப் பதிவை வேவ் (WAV) கோப்பாக வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். வீடியோவுக்கு 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் வழக்கம். எம்பி3 அனுப்புவதற்கும் கேட்பதற்கும் வசதி, மூலமாக வைத்துக்கொள்ள அல்ல. வாட்ஸ்அப்பில் அனுப்பினால் 'டாக்குமென்ட்' ஆக அனுப்பச் சொல்லுங்கள். இசை சேர்த்தது ஒன்று, வெறும் குரல் ஒன்று என்று இரண்டும் வேண்டும். வெறும் குரல் இல்லாவிட்டால் அடுத்த வருஷம் இசையை மாற்ற முடியாது.

இரண்டு இடத்துக்கு மட்டும் தனிக் கவனம். தொலைபேசிப் பதிவுக்குப் பெரும்பாலும் 8 கிலோஹெர்ட்ஸ், மோனோ கேட்பார்கள். போன் வழியே ஆழமான கீழ்ச்சுருதியும் மெல்லிய மேல்சுருதியும் போகாது. ஆட்டோவில் கட்டும் கூம்பு ஒலிபெருக்கியும் அப்படித்தான், கீழ்ச்சுருதியை விழுங்கிவிடும். இடி மாதிரி குரல் வேண்டும் என்று தேடிப் பிடித்து, ஆட்டோவில் போட்டதும் 'டப்பாவுக்குள் பேசுகிற மாதிரி இருக்கிறதே' என்று வந்தவர்கள் உண்டு. அதற்கு நடுச்சுருதியில், நிறுத்தி, மெய்யெழுத்துகளைத் தெளிவாகச் சொல்லும் குரல்தான் தோது. சரி என்று சொல்வதற்கு முன்னால் அதே ஆட்டோவில் போட்டு, தெருமுனையில் நின்று கேட்டுவிடுங்கள்.

ஒருவாட்டி காசு குடுத்தாச்சு. அப்புறம் அந்தக் குரல் எங்களுக்குத்தானே சொந்தம்?

இல்லை. பேசிய தொகைக்கு, பேசிய இடத்தில், பேசிய காலத்துக்குப் பயன்படுத்திக்கொள்ளும் உரிமைதான் உங்களுக்கு வருகிறது. 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தில் நிகழ்த்துகலைஞருக்கு என்று தனி உரிமை இருக்கிறது, 50 ஆண்டுகள் நீடிக்கும். அந்த உரிமையை இன்னொருவருக்கு மாற்றிக்கொடுப்பது எழுத்தில், கொடுப்பவர் கையெழுத்தோடு இருக்க வேண்டும். எத்தனை காலம் என்று அதில் எழுதாவிட்டால் 5 ஆண்டு என்றும், எந்தப் பகுதி என்று எழுதாவிட்டால் இந்தியா என்றும் சட்டமே வைத்துக்கொள்ளும். சிங்கப்பூர், மலேசியாவில் கிளை வைத்திருக்கும் கடைகள் இந்த இரண்டாவதைக் கவனிக்க வேண்டும்.

ஒரு கடை, ஒரு தீபாவளிக்கு மட்டும் என்று பேசி எடுத்த விளம்பரத்தை அடுத்தடுத்த தீபாவளிக்கும் ஓட்டியது. பேசியவர் ஊருக்கு வந்தபோது பஸ் ஸ்டாண்டு டிவியில் தன் குரலையே கேட்டார். வழக்கு ஒன்றும் போடவில்லை. அதற்கப்புறம் அந்தக் கடைக்குப் பேச மாட்டேன் என்று சொல்லிவிட்டார், கடைக்கு ஊரே அறிந்த குரல் போயிற்று. ஒரு போன் போட்டு 'இந்த வருஷமும் போடுகிறோம்' என்று சொல்லி ஒரு தொகையை அனுப்பியிருந்தால் முடிந்திருக்கும்.

தெரிஞ்ச ஆளுகிட்ட எழுதி வாங்குறது நல்லாவா இருக்கும்? நம்ம ஊர்ல வாய்ச்சொல்தானே?

நம் ஊரில் எப்போது வாய்ச்சொல்லோடு விட்டார்கள்? கல்யாணத்துக்கே இசைகுடிமானம் எழுதிக் கையெழுத்துப் போடுகிற வழக்கம் இருக்கிற ஊர் இது. பர்மா, மலாயா என்று கடல்தாண்டிக் கொடுக்கல் வாங்கல் நடத்தியவர்கள் ஒவ்வொரு காசையும் பேரேட்டில் எழுதினார்கள். அவநம்பிக்கையால் எழுதியதில்லை, பின்னால் வருகிறவனுக்குத் தெரிய வேண்டும் என்று எழுதியது.

ஒரு பக்கம் போதும். என்ன வேலை, எத்தனை நிமிஷம், எங்கே, எத்தனை காலம், எத்தனை திருத்தம், எவ்வளவு பணம், எப்போது. இரண்டு பேரும் கையெழுத்து. பெரிய விளம்பரம் என்றால் வக்கீலிடம் ஒரு தடவை காட்டிவிடுங்கள்.

ஏஐ குரல்தான் சும்மாவே வருதே? எதுக்கு ஆள்?

சில வேலைக்கு அது போதும். கடைக்குள் 'இன்று கடை எட்டு மணி வரை' என்று சொல்ல, முதல் வரைவில் நேரம் பார்க்க நானே பயன்படுத்துகிறேன். ஆனால் தமிழ் எழுத்தில் ஒரு சிக்கல் இருக்கிறது. க, ச, ட, த, ப ஒவ்வொன்றுக்கும் ஒரே எழுத்து, ஒலி மட்டும் இடத்துக்கு இடம் மாறும். 'பாவம்' என்று எழுதினால் அது இரக்கமா, முகத்தில் காட்டும் பாவமா என்பது வாசிக்கிறவருக்குத் தெரிய வேண்டும். பொருள் தெரிந்தால்தான் ஒலி தெரியும். மேலே சொன்ன விலாசத்தை இயந்திரத்திடம் கொடுத்துப் பார்த்திருக்கிறேன், சொ.மு.லெ. அதன் வாயில் ஒரே சொல்லாகிவிட்டது.

குடும்பப் படத்துக்கும் கோயில் திருப்பணி வேண்டுகோளுக்கும் மனிதக் குரல்தான் வேண்டும் என்று நான் உறுதியாகச் சொல்வேன். கேட்கிறவர்களிடம் அங்கே நாம் எதையோ கேட்கிறோம். கேட்பதற்கு ஓர் ஆள் வேண்டும்.

அவங்க குரலை ஒரு தடவை வாங்கி, அதை வச்சு ஏஐ-ல நாங்களே புதுசு புதுசா பண்ணிக்கலாமா? நடிகர் குரல் மாதிரி பேசச் சொல்லலாமா?

முதல் கேள்விக்கு: கலைஞர் அதற்கென்று தனியாக எழுதிக் கொடுத்தால் ஒழியக் கூடாது. ஒரு விளம்பரத்துக்கு வாங்கிய பதிவு அந்த விளம்பரத்துக்குத்தான். இப்போது கலைஞர்களே ஒப்பந்தத்தில் 'என் குரலை இயந்திரத்துக்குப் பயிற்சி கொடுக்கப் பயன்படுத்தக் கூடாது' என்று ஒரு வரி சேர்க்கிறார்கள். அதைப் பார்த்துக் கோபப்படாதீர்கள், அவர் சோறு அதில் இருக்கிறது.

இரண்டாவதற்கு: வேண்டவே வேண்டாம். 2022-ல் டெல்லி உயர் நீதிமன்றம் அமிதாப் பச்சனின் பெயர், உருவம், குரல் ஆகியவற்றை அனுமதியின்றிப் பயன்படுத்தத் தடை விதித்தது. 2024-ல் பாடகர் அரிஜித் சிங்கின் குரலை ஏஐ மூலம் நகலெடுப்பதற்கு எதிராக மும்பை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. கல்யாண வீட்டு மேடையில் பலகுரல் செய்வதை வைத்து, கடை விளம்பரத்துக்கும் அது சரி என்று நினைத்துவிடாதீர்கள்.

எங்க ஐயாவுக்கு எண்பது ஆகுது. அவர் கதையை அவர் குரல்லயே பதிஞ்சு வைக்கணும். அதுக்கும் ஆர்ட்டிஸ்ட் வேணுமா?

வேண்டாம். இதற்கு யாரையும் அமர்த்தாதீர்கள். சதாபிஷேகப் படத்துக்குக் கணீர்க் குரல் தேடி வந்த ஒரு குடும்பத்திடம், ஐயாவையே பேசச் சொல்லுங்கள் என்றேன். பேரன் நம்பவில்லை, 'அவர் குரல் நடுங்குமே' என்றான். நடுங்கட்டும். நல்ல மைக், ஜமக்காளம் விரித்த சின்ன அறை, காலைப் பலகாரம் முடிந்த நேரம், இவ்வளவுதான் வேண்டும். எழுதிக்கொடுத்து வாசிக்கச் சொல்லாதீர்கள். எதிரே அவருக்குப் பிடித்த ஒருவர் உட்கார்ந்து கேட்கட்டும். இருமினால் நிறுத்த வேண்டாம், பிறகு வெட்டிக்கொள்ளலாம். அரை மணிக்கு மேல் போகாதீர்கள், மறுநாள் தொடருங்கள். மைக்குக்குப் பழகும்வரை முதல் ஐந்து நிமிஷம் இறுக்கமாகத்தான் இருப்பார். அவர் விலாசத்தைச் சொல்லச் சொல்லி ஆரம்பியுங்கள். அன்றைக்கு அந்த ஐயா தன் வீட்டு எழுத்துகளை ஒவ்வொன்றாகச் சொல்லி, ஒவ்வோர் எழுத்தும் எந்தப் பாட்டனார் என்று விளக்கிக்கொண்டே போனார். அவர் தன் அப்பச்சி பெயருக்கு வந்து சேரவே இருபது நிமிஷம் ஆனது.